படிவம் கேட்காத கேள்வி

காரில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைச் சொல்வது, எந்தத் தாளில் சொல்வது, சொன்னதற்கு எது சாட்சி என்ற மூன்று கேள்விகளுக்கும் நம் ஏற்பாட்டில் ஒழுங்கான விடை கிடைப்பதில்லை. பழியை வண்டிக்காரரின் நேர்மையின்மேல் போட்டுவிட்டு நகர்வது எளிது. பெரும்பாலும் அப்படித்தான் பேசப்படுகிறது. ஏற்பாட்டையே ஒரு பிரதியாக எடுத்து வாசித்து, அதன் பகுதிகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று பார்க்கும் வேலை அரிதாகவே நடக்கிறது. இங்கே செய்ய முயல்வது அதைத்தான்.

வாசிக்க வேண்டியவை மூன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிமுறையும் அதனுடன் இணைந்த முன்மொழிவுப் படிவமும். இழப்பீட்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்கள். முதலாவது எது செல்லும் என்கிறது. இரண்டாவது எதற்கு என்ன விலை என்கிறது. மூன்றாவது தவறினால் என்ன இழப்பு என்கிறது. தனித்தனியே படித்தால் மூன்றுமே பொருள் தருகின்றன. சேர்த்துப் படிக்கும்போதுதான் இடைவெளி தெரிகிறது.

சோதனைக் களமாகத் தென்காசியை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை குற்றாலத்துச் சாரலுக்கு வரும் வண்டிகள், கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு ஏறும் ஐயப்பன்மார் வண்டிகள், ஆண்டு முழுவதும் எதிரே வரும் சரக்கு லாரிகள் என்று திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 ஓய்வதே இல்லை. அந்த மலைச்சாலையின் எஸ் வளைவில் மூடுபனி இறங்கினால் கம்பெனி விளக்கு போதவில்லை என்று கூடுதல் விளக்கு ஏறுகிறது. குடும்பமும் பாத்திரமும் ஏறுவதால் கூரையில் கேரியர் வருகிறது. மாடும் மானும் குறுக்கே வரும் என்று முன்னால் இரும்புக் குழாயில் பம்பர் வருகிறது. அகல டயர், அலாய் வீல், கறுப்பு ஃபிலிம், இடி முழங்கும் ஆம்ப்ளிஃபயர் ஆகியவை ஆசையால் வருகின்றன. தேவையால் வந்ததும் ஆசையால் வந்ததும் ஒரே வண்டியில் கலந்து நிற்பதே இந்த ஊரின் இயல்பு. பிரித்துப் பார்க்கத் தெரியாத எந்த விதியும் இங்கே தோற்கும்.

மேலும், இந்தத் துறையின் முதன்மைத் தீர்ப்பு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வண்டியின் அமைப்பை மாற்றும் விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் உரிமையாளர் பக்கம் தளர்வு காட்டியிருந்தது. 2019 ஜனவரி 9 அன்று ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அதை ரத்து செய்தார்கள். தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. மாநில விதி சட்டத்துக்கு உட்பட்டே நிற்கும். அந்த அளவில் தீர்ப்பு தெளிவானது. புளியரையைத் தாண்டும் ஒவ்வொரு தென்காசி வண்டியும் கேரளத்துப் பரிசோதகர் கண்ணில் அந்தத் தெளிவைச் சந்திக்கிறது.

52ஆம் பிரிவின் முதல் சிறப்பு அதன் இலக்கணம். மாற்றம் என்றால் என்ன என்பதற்கு அதுவே விளக்கம் தருகிறது: வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்புத் திருத்தம். எனவே சீட் கவர் போட்டவரையும் சேசிஸை வெட்டி ஒட்டியவரையும் அது ஒரே தட்டில் வைப்பதில்லை. அனுமதிக்கு உட்பட்டுச் செய்யக்கூடியவற்றுக்கு வழி திறந்திருக்கிறது: சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்கலம் ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தலாம். செய்த 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 182ஏ பிரிவை மாற்றி எழுதி, விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று பல்லும் வைத்தது.

ஆனால் இந்தப் பிரிவின் பெரிய மௌனத்தைக் கவனியுங்கள். தவணை ஒப்பந்தத்தில் வண்டியை வைத்திருப்பவர் பதிவுபெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. கடன் கொடுத்தவரின் நலனை நினைவில் வைத்த சட்டம், விபத்தின் சுமையை ஏற்பவரை மறந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் ஏற்றிய மாற்றத்தைக் காப்பீட்டாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி அங்கே இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிவிட்டோமே என்று நம்பி உட்காரும் உரிமையாளர்கள் குறைந்திருப்பார்கள். ஆர்.சி. வேறு, பாலிசி வேறு. ஒன்றில் ஏற்றியது இன்னொன்றில் தானாக ஏறாது.

இனி படிவம். கட்டண விதிமுறையின் படிவம் அன்றைய அளவுகோலில் நேர்த்தியான வேலை. உற்பத்தியாளரின் விலைப்பட்டியலில் சேராத உபகரணங்களை மின்சாரம் சார்ந்தவை, சாராதவை என்று பிரித்து மதிப்பு கேட்கிறது. மின்சார, மின்னணுப் பொருள்களுக்கு மதிப்பில் நூற்றுக்கு 4 கூடுதல் பிரீமியம். எரிவாயு கிட்டுக்கும் மதிப்பில் நூற்றுக்கு 4. அதோடு மூன்றாம் நபர் பொறுப்புக்கு 60 ரூபாய். 30,000 ரூபாய்க்கு ஸ்டீரியோ வைத்தவர் ஆண்டுக்கு 1,200 கட்டினால் அது பாதுகாப்புக்குள் வருகிறது. 2007 முதல் சொந்தச் சேதக் கட்டணங்களை நிறுவனங்களே முடிவு செய்கின்றன என்றாலும் இந்தக் கட்டமைப்பும் சொற்களும் இன்றுவரை பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. வாகனத்தின் ஐ.டி.வி. (காப்பீட்டுக்கு அறிவித்த மதிப்பு) கணக்கிலும் பட்டியலில் சேராத பொருள்களுக்குத் தனி மதிப்பு வைத்து, ஆண்டுத் தேய்மானம் கழிக்கச் சொல்கிறார்கள். கணக்கு சுத்தம்.

சொன்னால் கட்டணம் குறையும் என்ற பக்கத்தையும் இந்தப் படிவம் வைத்திருந்தது. பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள் பயன்பாட்டுக்கெனத் திருத்தி, பதிவு அலுவலகத்தில் ஏற்றிய வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவிக்கு நூற்றுக்கு இரண்டரை, அதிகபட்சம் 500 ரூபாய். மாற்றம் என்றாலே குற்றம் என்ற மனநிலையில் எழுதிய ஆவணம் அன்று இது. இதைப் படிவத்தின் உண்மையான சாதனையாகக் கருதுகிறேன். ஏனெனில், மாற்றம் ஆபத்தைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும் என்ற அடிப்படை அறிவு இதில் இருக்கிறது.

அந்த அறிவு படிவத்தின் மற்ற இடங்களுக்குப் பரவவில்லை. கண்ணாடியிழை எரிபொருள் தொட்டி பொருத்தியிருக்கிறதா என்று கேட்கிறது. இன்று தென்காசியில் அதற்கு ஆம் என்று சொல்லக்கூடிய வண்டியைக் காட்டச் சொன்னால் திணறிப்போவோம். வழக்கமற்ற எரிபொருளில் ஓடுகிறதா, ஓட்டுநர் பயிற்சிக்குப் பயன்படுகிறதா, சொந்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுமா என்றெல்லாம் கேட்கிறது. சஸ்பென்ஷனை உயர்த்தியிருக்கிறீர்களா, என்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டைத் திருத்தியிருக்கிறீர்களா, சக்கர அளவை மாற்றியிருக்கிறீர்களா, வயரிங்கில் கை வைத்திருக்கிறீர்களா, முன்னால் இரும்பு பொருத்தியிருக்கிறீர்களா என்று கேட்பதில்லை. பொருளின் விலையை எடைபோடுவதற்கு எழுதிய படிவத்தை ஆபத்தை எடைபோடும் கருவியாகவும் நடத்துகிறோம். முறையியலின் பிழை இதுதான்.

விலையும் ஆபத்தும் ஒன்றாக நடப்பதில்லை. எச்4 வகை முகப்பு விளக்கில் நிறுவனம் வைக்கும் பல்ப் 60/55 வாட். மலைச்சாலைக்கு என்று 100/90 வாட் பல்ப் வாங்கிப் போட்டால் செலவு சில நூறு ரூபாய். ஆனால் அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் தடிமன் பழைய வயரிங்கில் இல்லை. ரிலே இல்லாமல் இணைத்தால் ஹோல்டர் உருகும், தீ பிடிக்கவும் வழி உண்டு. மாறாக 60,000 ரூபாய் இருக்கை விரிப்பு விபத்தின் வாய்ப்பை எள்ளளவும் கூட்டுவதில்லை. படிவத்தின் கணக்கில் இரண்டாவதே பெரிய மாற்றம். முதலாவது கட்டத்துக்குள்ளேயே வருவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழையை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்தால் நேரும் சேதம் முழுப் பாலிசிக்குள் வரும். மின்சாரப் பழுது என்ற அளவில் நிற்பது விலக்கு. சேதம் நீரால் வந்ததா, கைவேலை வயரிங்கால் வந்ததா என்று சர்வேயர் கேட்கும்போது, அறிவிக்காத ஆம்ப்ளிஃபயர் தன் விலையை இழப்பதோடு நிற்பதில்லை. வண்டியின் மற்ற மின்பாகங்களுக்கான உரிமையையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடுகிறது.

இதைவிடக் கூர்மையான முரண் பம்பரில் இருக்கிறது. காரின் முன்பகுதி மோதலின் விசையைத் தானே நசுங்கி உள்வாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. இரும்புக் குழாய் அந்த விசையை நேராகச் சட்டகத்துக்குக் கடத்துகிறது. ஏர்பேக் உணரிகளின் கணக்கையும் குழப்பக்கூடும். நடந்து செல்பவருக்கு அடி பலமாகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய காப்புக் கம்பிகள் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. சரி. இப்போது படிவத்துக்கு வருவோம். மின்சாரம் சாராத உபகரணம் என்ற கட்டத்தில் 12,000 என்று எழுதினால் பிரீமியம் கூடுகிறது. அந்தத் தொகை எந்தப் பொருளுக்கு உரியது என்று இணையவழிப் படிவங்கள் பலவற்றில் கேள்வியே இல்லை. சட்டம் 5,000 ரூபாய் தண்டிக்கும் பொருளுக்குப் படிவம் கட்டணம் வாங்கிக்கொள்ளும் நிலை இது. உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை. நிறுவனமும் எதையும் கேட்கவில்லை. இழப்பு வந்த அன்று மட்டும் 52ஆம் பிரிவு நினைவுக்கு வரும்.

கறுப்பு ஃபிலிமும் இப்படியே. 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. முன், பின் கண்ணாடிக்கு 70, பக்கக் கண்ணாடிக்கு 50 விழுக்காடு ஒளி ஊடுருவல் என்ற விதியும் ஊரறிந்தது. அறிவிப்பதால் சட்டமீறல் சட்டமாகிவிடாது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டேனே என்று ஆறுதல் கொள்பவர்கள் இதை உணர வேண்டும்.

மூன்றாவது பிரதி நீதிமன்றத்துடையது. மூன்றில் தரத்தால் உயர்ந்தது இதுவே என்பது என் மதிப்பீடு. ஆனால் முழு மதிப்பெண் தர மாட்டேன். 1996இல் பி.வி. நாகராஜு வழக்கில் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியது மட்டுமே இழப்பீட்டை முற்றிலும் மறுக்கப் போதாது என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. 2016இல் லக்மி சந்த் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: மீறல் அடிப்படையானது என்பதையும், அதுவே விபத்துக்குக் காரணமாயிற்று என்பதையும் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். தென்காசி வண்டிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பலன் உடனே தெரியும். பின்னால் வந்த லாரி இடித்து நொறுங்கிய காரில் முன்னால் இருந்த அகல டயர் விபத்துக்கு என்ன செய்தது என்ற கேள்வி எழுகிறது. காரணத் தொடர்பைக் கேட்கும் நீதி முதிர்ந்த நீதி.

2010இல் அமலேந்து சாகு வழக்கு இன்னொரு வழியை உறுதிப்படுத்தியது. ஓன் போர்டு காரை, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான காரை, வாடகைக்கு ஓட்டிய வழக்கு அது. குற்றாலம் சீசனில் இதைச் செய்பவர்கள் குறிப்பாகக் கேட்க வேண்டியது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டாலும் முழுக்க மறுக்காமல், ஏற்கத்தக்க தொகையில் 75 விழுக்காடு வரை தரலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் பின்பற்றிய வழிகாட்டுதலை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வெறுங்கையோடு அனுப்புவதைவிட இது பெரிய முன்னேற்றம். ஆயினும் 75 என்ற எண் எங்கிருந்து வந்தது? சிறிய மீறலுக்கும் பெரிய மீறலுக்கும் ஒரே கழிவு என்றால் அளவுகோல் அளக்கவில்லை. அதே வழிகாட்டுதலில் சுமக்கும் திறனைக் குறைத்துக் காட்டியவருக்கு மூன்று ஆண்டுப் பிரீமிய வித்தியாசம் அல்லது நூற்றுக்கு 25, இரண்டில் எது அதிகமோ அதைக் கழிக்கச் சொல்கிறார்கள். பிரீமிய வித்தியாசம் என்ற நல்ல கருத்து அங்கே தலைகாட்டுகிறது. 'எது அதிகமோ' என்ற சொற்கள் அதை உடனே விழுங்கிவிடுகின்றன.

பிரிட்டன் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக நடந்தது. கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் நீயே சொல் என்ற பழைய கடல்வணிகக் காலக் கடமையைத் தனிநபர் காப்பீட்டில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அது 2013 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கவனக்குறைவால் தவறியிருந்தால் கழிவு விகிதப்படி: 10,000 பிரீமியம் கட்டியவர் உண்மையைச் சொல்லியிருந்தால் 12,500 கட்ட நேர்ந்திருக்கும் என்றால், இழப்பீட்டில் 80 விழுக்காடு கிடைக்கும். வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு நிறுவனம் ஒன்றும் தர வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் விளைவாகக் கேள்வி கேட்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுகிறது; அங்குள்ள படிவங்கள் வண்டி மாற்றப்பட்டிருக்கிறதா என்று நேராகவே கேட்கின்றன. ஜெர்மனியின் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் எழுத்தில் கேட்டதற்கு விடை சொல்வதையே கடமையாக்குகிறது.

நம்மிடம் இந்தத் திசையில் ஒரு விதை விழுந்தது. 2002ஆம் ஆண்டின் பாலிசிதாரர் நலப் பாதுகாப்பு விதிமுறை, முன்மொழிவுப் படிவம் இல்லாமல் பாலிசி தரும் இடத்தில் பெற்ற தகவலை நிறுவனமே பதிவு செய்து 15 நாளுக்குள் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றது. அப்படிப் பதிவாகாத ஒன்றை வாடிக்கையாளர் மறைத்தார் என்று பின்னர் வாதிட்டால் நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும் என்றது. படிவம் இருந்தும் கேள்வி இல்லாத இடத்துக்கு இந்தக் கொள்கை நீளவில்லை. நீளாததால்தான் முக்கிய உண்மையை மறைத்தார் என்ற சொற்றொடர் நிறுவனத்தின் கையில் எல்லையற்ற ஆயுதமாக இருக்கிறது. மூன்றாம் நபர் வழக்கிலும் அதற்கு இடமுண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் இன்றைய 150ஆம் பிரிவு, முக்கிய உண்மையை மறைத்துப் பெற்ற பாலிசி என்பதை நிறுவனத்தின் எதிர்வாதங்களில் ஒன்றாக எண்ணுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும் வழியை 2004இல் ஸ்வரண் சிங் வழக்கு, ஓட்டுநர் உரிமம் பற்றிய விவாதத்தில், வலுப்படுத்தியது. அடிபட்டவர் காப்பாற்றப்படுகிறார், வண்டிக்காரரின் வீடும் நிலமும் அந்தக் காப்புக்கு வெளியே நிற்கின்றன.

உரிமையாளர் தரப்பையும் கறாராகப் பார்க்காவிட்டால் இந்த மதிப்பீடு ஒருதலையாகும். படிவம் கேட்கவில்லை என்பது மறைப்பதற்கு உரிமை தருவதில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்ற உச்ச நல்லெண்ணக் கடமையையே நம் சட்டம் இன்னும் நம்பியிருக்கிறது. ஏஜென்டிடம் வாயால் சொன்னேன் என்பது அறிவிப்பு ஆகாது. முந்தைய பாலிசி விட்டுப்போய் மீண்டும் எடுக்கும்போது நிறுவனத்துக்காக எடுக்கும் புகைப்படத்தில் பம்பர் தெரிகிறதே என்பது வாதிடத்தக்க பதில். பார்த்தும் பிரீமியம் வாங்கியவர் அறியாதவர்போல் பேசலாகாது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் வாதிடத்தக்க பதில் வேறு, பாலிசியில் எழுத்தாக ஏறிய எண்டார்ஸ்மென்ட் வேறு. முன்னதற்கு ஆண்டுகள் செலவாகும்.

ஆகவே தீர்ப்பு இது. 52ஆம் பிரிவு கொள்கையில் உறுதியானது, காப்பீட்டாளரை மறந்ததால் முழுமையற்றது. நீதிமன்ற அளவுகோல்கள் காரணத்தைக் கேட்கும் இடத்தில் சிறந்தவை, 75 விழுக்காட்டில் குருடானவை. முன்மொழிவுப் படிவம் தான் எழுதப்பட்ட காலத்துக்குத் தகுந்ததாக இருந்தது. இன்றைய வண்டிக்கு அது தகுதியற்றது, அதைத் திருத்தாமல் மறைப்புக் குற்றம் சாட்டும் உரிமை நிறுவனங்களுக்கு இருக்கக் கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சேர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'தயாரிப்பாளர் தந்த நிலையிலிருந்து இந்த வண்டியில் எவை மாற்றப்பட்டுள்ளன? பெயர் சொல்லிக் குறிப்பிடுக.' அதற்கான விடையைப் பாலிசித் தாளிலேயே அச்சிட வேண்டும்.

அது வரும்வரை தென்காசி வண்டிக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது: பம்பரையும் கறுப்பு ஃபிலிமையும் கழற்றிவிடுங்கள், அவற்றை எந்த அறிவிப்பும் காப்பாற்றாது. கேஸ் கிட்டை முதலில் ஆர்.சி.யிலும் பிறகு பாலிசியிலும் ஏற்றுங்கள். எஞ்சியவற்றை ரினியூவலுக்கு முன்பே பெயரும் விலையுமாக மின்னஞ்சலில் நிறுவனத்துக்கு நேராக எழுதி எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.